வாயில்லா ஜீவன்

பிரகாசி மறுபடியும் படம் வரையத் தொடங்கிவிட்டாள் என்பது, அவள் வரைந்த முதல் பிராணி மாடிப்படியில் இறங்கிப் போய்க் குழாயடி வரிசையில் நின்றபோதுதான், சிலுவைத்துறை ஐஸ் ஆலைக்குப் பின்னாலிருக்கும் குடியிருப்புக்குத் தெரியவந்தது. தண்ணீர் வரும் காலை நேரம் அது. பிராணிக்கு உடம்பு தவிட்டு மூட்டை போலவும், கால்கள் முக்காலிக்கு இருப்பது போல மூன்றும், காதுகள் காற்றில் கிழிந்த வாழையிலை போலவும் இருந்தன. அது ரோஸ்லினின் குடத்துக்கும் அடுத்த குடத்துக்கும் நடுவில் வந்து நிற்க, ரோஸ்லின் திரும்பிப் பார்த்துவிட்டு, "வரிசை பின்னால இருக்கு" என்றாள். அது பின்னால் போய் நின்றது.

"யார் வீட்டுது இது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பிரகாசி வீட்டுலருந்து எறங்குச்சு. நான் பாத்தேன்."

"அப்ப அவளுக்குக் கை வந்துட்டா?"

"வந்துட்டுன்னுதான் தெரியுது."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, ரோஸ்லின் தன் குடத்திலிருந்து ஒரு சொம்பு மோந்து கீழே வைத்தாள். "குடிக்கட்டும். வாயில்லா ஜீவனுக்குத் தண்ணி குடுக்கது புண்ணியம்."

பிரகாசி ஒரு காலத்தில் பட்டணத்திலிருந்து வரும் சிறுவர் மாத இதழ் ஒன்றுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவள். படகு எஞ்சின் பழுதுபார்க்கும் செல்வினுக்கு வாழ்க்கைப்பட்டு இந்தக் குடியிருப்புக்கு வந்த பிறகும், சமையலறை ஜன்னலோரம் ஒரு பலகையைப் போட்டு, நிப்பை மையில் தொட்டுத் தொட்டு, நரியையும் முதலையையும் குடை பிடித்த தவளையையும் வரைந்து தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் நிப்பைத் தாளில் வைத்தாள், கோடு வரவில்லை. மை இருந்தது, தாள் இருந்தது, கை இருந்தது, கோடு மட்டும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை, அந்த மழைக்காலத்திலும் வரவில்லை, அடுத்த மழைக்காலத்திலும் வரவில்லை, அப்படியே வருடங்கள் போயின. காரணம் கேட்டவர்களிடம் தைராய்டு என்று சொன்னாள், ஏனென்றால் தைராய்டு என்று சொன்னால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. உண்மையில் அவளுக்கு இருந்தது பயம். வெள்ளைத் தாளைப் பார்த்தால் அடிவயிற்றில் ஐஸ்கட்டியை வைத்தது போலிருக்கும். பிறகு அந்தப் பயம் தாளை விட்டு வெளியே வந்து, புதுச் சுண்ணாம்பு அடித்த கோயில் சுவரைப் பார்த்தாலும், துவைத்து விரித்த வெள்ளை வேட்டியைப் பார்த்தாலும், காலையில் ஆளில்லாத கடற்கரை மணலைப் பார்த்தாலும் வந்தது. எதிலெல்லாம் ஒரு கோடு போடலாமோ அதிலெல்லாம் அவளுக்குப் பயம்.

அந்த வருடம் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிய பங்குச்சாமியார், தவக்காலம் என்றால் மீனை விடுவதும் கறியை விடுவதும் மட்டுமல்ல, முன்பு கைவிட்ட ஒன்றை மறுபடி எடுத்துக்கொள்வதும் தவம்தான் என்று பிரசங்கம் வைத்தார். அவர் குடியை விட்டுவிட்டு மறுபடி எடுத்தவர்களைப் பற்றிப் பேசவில்லை என்று வெளியே வந்து ஆண்கள் சிரித்துக்கொண்டார்கள். பிரகாசி சிரிக்கவில்லை. தவக்காலம் முடியும் பாஸ்கா வரைக்கும் தினம் ஒரு படம் என்று மாதா முன்னால் நேர்ந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பூனையை வரையலாம் என்று பார்த்தாள், ஆனால் உலகத்தில் அத்தனை பூனைகள் இருக்கும்போது, தன் பூனையைப் பார்த்து எந்தப் பூனையும் முகம் சுளிக்கும் என்று தோன்றியது. படகு என்றால் செல்வினே குறை சொல்வான். அதனால் உலகத்தில் இல்லாத ஒன்றை வரைவோம், இல்லாததை வரைந்தால் தப்பு என்று சொல்ல யாருக்கு வாய் வரும் என்று நினைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிப்பை இழுத்தாள். கோடு வந்தது. பால் பொங்குவதற்குள் மூட்டை உடம்பும் மூன்று கால்களும் கிழிசல் காதுகளும் வந்துவிட்டன. அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியபோது, தாளில் படம் இருந்தது, மாடிப்படியில் காலடிச் சத்தமும் இருந்தது. கரண்டியோடு அங்கேயே நின்றாள். சந்தோஷம் வரவில்லை. கதவைப் பூட்டாமல் வெளியூர் கிளம்பிவிட்டோமே என்று பாதி வழியில் ஞாபகம் வந்தவளுக்கு இருக்குமே, அந்தத் திகில்தான் வந்தது.

தினம் ஒன்று இறங்கியது. ஐஸ் ஆலை வாசலில் சிந்தும் ஐஸ் தூளை மட்டும் தின்னும் நீலமான ஒன்று வந்தது. மின்மாற்றிக்குக் கீழே உட்கார்ந்து அதன் ரீங்காரத்தோடு சேர்ந்து முனகும் ஒன்று வந்தது. பின்னாலிருந்து பார்த்தால் கட்டுச் சோற்று மூட்டை போலவும் முன்னாலிருந்து பார்த்தால் வீட்டுவரி வாங்க வந்தவர் போலவும் இருக்கும் ஒன்று வந்து, கொஞ்ச நாளைக்கு எல்லோரையும் கதவைச் சாத்த வைத்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் தொபியாஸ் கூட்டம் போட்டு, பிராணிகள் படியில் படுக்கக் கூடாது, வாகனம் நிறுத்துமிடத்தில் படுக்கலாம், சாணத்தை முறைபோட்டு அள்ள வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினார். சாணம் போடாத பிராணிகளும் உண்டென்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து கோமாரித் தடுப்பூசி போட வந்த டாக்டர், எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எங்கே குத்துவது என்று தெரியாமல் மாடுகளுக்கு மட்டும் போட்டுவிட்டுப் போனார். பங்குச்சாமியார் தீர்த்தம் தெளிக்கலாமா கூடாதா என்று ஒரு வாரம் யோசித்தார். அதற்குள் இரண்டு பிராணிகள் தாமாகவே போய்க் கோயில் தண்ணீர்த் தொட்டியில் குளித்துவிட்டதால் அந்தக் கேள்வி முடிந்துபோயிற்று. வலை காயப்போடும் இடத்தில் அவற்றைப் பார்த்த வெளியூர் மீன் வியாபாரிகள், "இது என்ன சாதி?" என்று கேட்க, "பிரகாசி வரைஞ்சது" என்று மற்றவர்கள் பதில் சொல்ல, "அப்படியா" என்று அவர்கள் எடை போடப் போனார்கள்.

எல்லோரும் பழகிக்கொண்டார்கள், பிரகாசி மட்டும் பழகவில்லை. இறங்கிப் போன எதுவும் மறுபடி மேலே ஏறி வரவில்லை என்பதில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

ஒருநாள் தாளுக்கடியில் பழைய செய்தித்தாள் மடங்கியிருந்ததைக் கவனிக்காமல் வரைந்தாள். ஒரு கால் கோடு மடிப்பில் இடறிக் குட்டையாகிவிட்டது. போகட்டும் என்று விட்டாள். அன்றைக்குப் படியிறங்கும் சத்தம் வேறு மாதிரி கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அது நொண்டிக்கொண்டு போனது. குழந்தைகள் அதற்கு வழி விட்டார்கள். அது யாரையும் குறை சொல்லவில்லை, அதற்கு வேறு நடை இருக்கிறதென்றே தெரியாது, நொண்டி நொண்டிப் போய் வெயிலில் படுத்துக்கொண்டது. பிரகாசி பிளேடை எடுத்துத் தாளைச் சுரண்டி, காலை நீட்டி வரைந்துவிட்டு மறுபடி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். தாளில் கால் நீண்டிருந்தது. கீழே குட்டையாகவே இருந்தது. இறங்கிப் போன பிறகு தாளில் செய்வது எதுவும் கீழே சேராது என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது.

அதற்குப் பிறகு நிப்பை எடுக்கும்போதே விரல்கள் மரத்தன. ஒரு காலை வரைந்தால், மூட்டு மடங்குமா என்று பயம். ஒரு கண்ணை வரைந்தால், அதற்கு இமை இல்லாவிட்டால் தூங்க முடியாதே என்று பயம். மூக்கில் ஓட்டை வைத்தோமா, காதில் ஓட்டை வைத்தோமா, பின்புறம் வைத்தோமா என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு விட்டுரு" என்றான் செல்வின், அவள் கையை எடுத்துத் தன் கிரீஸ் பிடித்த கைகளுக்குள் வைத்துக்கொண்டு. "மாதா கோவிச்சுக்கிட மாட்டா."

"மாதாவுக்குப் பயந்து வரையலங்க. ஒருநாள் விட்டா மறுபடி வராது. எனக்குத் தெரியும்."

"வரையவும் பயம், விடவும் பயம்னா என்ன செய்ய?"

"அதான் தெரியல."

பயந்த கை போட்ட கோடெல்லாம் பயந்த கோடாக இருந்தது. அதனால் இறங்கியவையும் பயந்தே இறங்கின. அணில் அளவில் ஒன்று, கன்றுக்குட்டி அளவில் ஒன்று, கழுத்து நீண்டது, கழுத்தே இல்லாதது என்று எல்லாம் நடுங்கிக்கொண்டே படியிறங்கி, மோட்டார் அறைக்குள்ளும் படிக்கட்டுக்கு அடியிலும் கவிழ்த்து வைத்த படகுகளுக்குக் கீழும் போய் ஒண்டிக்கொண்டன. நடுக்கம் தரை வழியாகக் கட்டிலுக்கு வந்தது, கட்டில் வழியாக எலும்புக்கு வந்தது. கொஞ்ச நாளில், காரணமே இல்லாமல் பெண்கள் அடுப்பைப் பற்றவைக்கப் பயந்தார்கள். சைக்கிள் பழகியிருந்த பிள்ளைகள் ஏறப் பயந்தார்கள். தொபியாஸ் தன் கையெழுத்தைத் தானே பார்த்துப் பயந்து மை வைத்துக் கைநாட்டுப் போட்டார். கடைசியில் கடலில் பிறந்து கடலில் நரைத்த ஆண்கள் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம் என்று திரும்பி வந்தார்கள். மறுநாளும் திரும்பி வந்தார்கள். படகுகள் போகாததால் ஐஸ் ஆலை நின்றது, ஐஸ் தின்னும் நீலப் பிராணி மெலியத் தொடங்கியது.

அந்த வாரத்தில் ஒரு காலை, சங்கத்தார் பிரகாசியைப் பார்க்கப் புறப்பட்டு வந்தார்கள். அவள் அன்றைக்குச் சின்னதாக, ஆபத்தில்லாததாக, பஞ்சு மாதிரி ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். உருண்டை உடம்பு, மிருதுவான நான்கு கால்கள், மடங்கும் மூட்டுகள், பெரிய கண்கள், கண்ணுக்கு இமைகள், மூக்கு, மூக்கில் இரண்டு துவாரங்கள். அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கதவைத் தட்டினார்கள்.

அவள் எழுந்துபோய்த் திறந்தாள். வாசலில் தொபியாஸ் நின்றார், ரோஸ்லின் நின்றாள், அவர்களுக்குப் பின்னால் படி நெடுக ஆட்கள் நின்றார்கள்.

"பிரகாசி, தப்பா நெனைக்காத" என்றார் தொபியாஸ். "உனக்குப் பயமா இருந்தா அது உன்னோட இருக்கட்டும். ஊருக்கு எறக்கி விடாத. ஒண்ணு தைரியமா வரை. இல்லன்னா நிறுத்து."

"தைரியம் எங்க கிடைக்கும்ணே?"

தொபியாஸ் திரும்பிப் படியில் நின்றவர்களைப் பார்த்தார். "எங்க கிட்டயும் இல்ல இப்போ" என்றார்.

"கொளம்பு வச்சு எத்தன நாளாச்சு தெரியுமா?" என்றாள் ரோஸ்லின், கோபமாகச் சொல்ல வந்தவள் குரல் உடைந்து.

அதற்குள் உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகும் வாசனை வந்தது. பிரகாசி திரும்பி ஓடினாள். அவளுக்கு முன்பாகவே, வாசலில் நின்றவர்களின் கால்களுக்கு இடையில் புகுந்து, பஞ்சு மாதிரி ஒன்று நடுங்கியபடி படியிறங்கிப் போனது. எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார்கள்.

முதலில் கண்டுபிடித்தது கீழ்வீட்டுச் சின்னப்பெண். அவள் ஒரு பிஸ்கட்டை நீட்ட, அது மோந்து பார்க்க, நெருங்கி வர, மூக்கால் பிஸ்கட்டைத் தள்ள, மறுபடி மோந்து பார்க்க, அவள் குனிந்து அதன் முகத்தைக் கையால் நிமிர்த்திப் பார்த்துவிட்டு மாடியை நோக்கி, "பிரகாசி அத்தை, இதுக்கு வாய் இல்ல" என்றாள்.

பிரகாசி இறங்கி வந்தாள். மூக்குக்குக் கீழே தாடை வரைக்கும் வழுவழுவென்று ஒன்றுமில்லாமல் இருந்தது. வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையைப் பார்த்ததும் அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். அது வந்து அவள் மடியில் ஏறிப் பசியோடு கையை முகர்ந்தது.

"நாங்க கதவத் தட்டினோம்" என்றார் தொபியாஸ், மெதுவாக.

"நான் பாத்திருக்கணும்" என்றாள் பிரகாசி.

"நாங்க தட்டாம இருந்தா நீ பாத்திருப்ப."

அதற்குமேல் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அது குடியிருப்புக்கே பொதுவான பிராணி ஆயிற்று. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, கிழித்து வாய் வைக்கலாம் என்றால் உள்ளே குழி இருப்பதாகத் தெரியவில்லை, கத்தி வைத்தால் செத்துவிடும் என்று கையைக் கழுவிக்கொண்டு போனார். இரண்டாம் மாடியிலிருக்கும் ஸ்டெல்லா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், அதன் முன்னங்காலில் நரம்பு தேடிக் குளுக்கோஸ் ஏற்றினாள். பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க முறை போட்டுக்கொண்டார்கள். கடலுக்குப் போகப் பயந்து வீட்டிலிருந்த ஆண்கள், நடுங்கும் கையால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, பாட்டில் நடுங்கினால் குளுக்கோஸ் ஏறாதே என்று ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, மணிக்கணக்கில் நின்றார்கள். வாயில்லா ஜீவன் என்று எப்போதும் எல்லாவற்றையும் சொல்லிப் பழகிய ரோஸ்லின், அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் விழுங்கிக்கொண்டாள்.

அந்த நாட்களிலும் பிரகாசி காலையில் வரைந்தாள். அவளுக்கே தெரியும், அது வரைவதல்ல, கிணற்றின் விளிம்பில் நடப்பது. இறங்கியவை எல்லாம் முன்பைவிட அதிகமாக நடுங்கின.

பிறகு ஒரு காலை, ஸ்டெல்லா ஊசியை வைத்துக்கொண்டு நான்கு காலையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இனி நரம்பு கிடைக்காதுக்கா. எல்லாம் வத்திட்டு."

அது வலைக் குவியல் மேல் படுத்திருந்தது. கண்களின் ஓரம் ஈரமாக இருந்தது. பிரகாசி முந்தானையை நனைத்து அந்த ஈரத்தைத் துடைத்தாள். துடைத்த துணியைப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது. மோந்து பார்த்தாள். மை.

இத்தனை நாளும் அது தன்னை விட்டுப் போய்விட்டது, தன் கைக்கு எட்டாதது என்று நினைத்திருந்தாள். தோலின் மடிப்பிலும் இமையின் ஓரத்திலும் அவள் போட்ட கோடுகள் இன்னும் முழுதாகக் காயாமல் இருந்தன. தாளில் போடுவது கீழே சேராது, சரி. கீழேயே போட்டால்?

அந்த நினைப்பு வந்ததுமே, வராமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்கு ஆயிற்று. மூன்று மாடியும் ஏறினாள். பலகையில் மைப்புட்டி இருந்தது, பேனா இருந்தது. செல்வின் அவள் பின்னாலேயே வந்து, அவள் முகத்தைப் பார்த்து, புரிந்துகொண்டான்.

"ஒரு கோடுதான" என்றான்.

"ஒரு கோடுதான். தாள்ல போட்டாத் தப்புன்னு கிழிச்சிப் போடலாம். அத எப்படிக் கிழிக்க?"

"போடாட்டி செத்துரும்."

"போட்டும் செத்தா?"

செல்வின் மைப்புட்டியை எடுத்துக்கொண்டான். "நான் இதப் புடிச்சிக்கிடுதேன். நீ பேனாவ மட்டும் கொண்டு வா."

கீழே எல்லோரும் கூடிவிட்டார்கள். ரோஸ்லின் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் தலையைத் தன் இரண்டு தொடைகளுக்கும் நடுவில் வைத்து, காதைப் பிடித்துக்கொண்டாள். தொபியாஸ் காலைப் பிடித்தார். ஒருவர் சின்ன வாயாகப் போடு, பெரிய வாய் என்றால் தீனி கட்டுப்படியாகாது என்றார். இன்னொருவர் பாவம், இத்தனை நாள் பட்டினி, பெரிதாகவே போடு என்றார். பல் வேண்டாம் என்றது ஒரு குரல், பல்லில்லாமல் எதை மெல்லும் என்றது வேறு குரல்.

"யாரும் பேசாதீங்க" என்றாள் பிரகாசி. "எனக்குப் பயமா இருக்கு."

ஐஸ் ஆலை ஓடாததால் அந்த அமைதியில் கடல் கேட்டது.

அவள் நிப்பை மையில் தொட்டு, புட்டியின் விளிம்பில் வழித்து, இடது கையால் தாடையை ஏந்திக்கொண்டு, மூக்குக்குக் கீழே இடது ஓரத்தில் வைத்தாள். தோல் குழைந்து உள்வாங்கியது. நிப்பின் வழியாக அதன் இதயத் துடிப்பு பேனாவுக்கு ஏறி, பேனாவிலிருந்து விரலுக்கு ஏறி, அவளுடைய துடிப்போடு மோதியது. எது அதனுடையது எது தன்னுடையது என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இழுத்தாள். மெல்லக் கோடு வந்தது. பாதி வழியில் நிப்பின் நுனி தோலில் கொக்கி போட்டது போல மாட்டிக்கொண்டு, பிராணி உடம்பு முழுவதும் துள்ளியது. ரோஸ்லின் அழுத்திப் பிடித்தாள். எடுத்துவிடு, எடுத்துவிடு என்று பிரகாசியின் உடம்பில் இருந்த அத்தனை பயமும் மணிக்கட்டில் வந்து கூடிச் சொல்லியது. எடுத்தால் பாதி வாயோடு நிற்கும். கண்ணில் நீர் மறைத்தது, கோடு தெரியவில்லை, தெரியாமலே இழுத்தாள், வலது ஓரம் வரைக்கும், அங்கே கொஞ்சம் மேல்நோக்கி வளைத்து, எடுத்தாள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு கோடாகவே இருந்தது. வெயிலில் மை மெல்ல மங்கிக் காய்ந்தது. ஸ்டெல்லா கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு கோட்டின் நடுவில் ஒரு மயிரிழை விரிந்தது. அது நீண்டது, இரண்டு ஓரத்துக்கும் ஓடியது, திறந்தது. உள்ளே சிவப்பாக இருந்தது. நாக்கு இருந்தது, அண்ணம் இருந்தது, மேலும் கீழும் சின்னச் சின்னதாக, கூராக, வரிசையாகப் பற்கள் இருந்தன. இவற்றில் ஒன்றைக்கூட பிரகாசி வரையவில்லை. அவள் போட்டது ஒரு கோடு. உள்ளே இருந்ததெல்லாம் அதற்குச் சொந்தமாக, அவளுக்குத் தெரியாமல், முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த பயம், அதுவரை வந்த எந்தப் பயத்தையும் போல இல்லை.

அது கத்தியது. உடம்பின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத குரல். படகுகளுக்கு அடியிலும் படிக்கட்டுக்கு அடியிலும் ஒண்டியிருந்த பிராணிகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டி, வெளியே வந்து, நடுங்கிக்கொண்டே அதைச் சுற்றி நின்றன.

"கஞ்சி கொண்டு வாங்க" என்றாள் ரோஸ்லின். யார் வீட்டுக் கஞ்சியோ வந்தது. அடுப்பைப் பற்றவைக்கப் பயந்தவர்கள் வீட்டில் பழைய சோறுதான் இருந்தது, அதுவும் வந்தது. அது விழுங்கியது, புரையேறியது, மறுபடி விழுங்கியது. தாடையில் கஞ்சி வழிந்தது. பிரகாசி தன்னையறியாமல் விரலால் அந்த ஓரத்தைத் துடைக்கப் போனாள். அது கடித்தது. எலும்புவரை கடித்தது.

அவள் கத்தவில்லை. செல்வின்தான் கத்தினான். தொபியாஸ் கையை ஓங்கினார்.

"அடிக்காதீங்கண்ணே" என்றாள் பிரகாசி. "அதுக்கு எது சோறு எது வெரலுன்னு இனிமேதான் தெரியணும்."

ஸ்டெல்லா ஆள்காட்டி விரலுக்குத் தையல் போட்டு, தடுப்பூசி போட்டு, பெரிய உருண்டையாகக் கட்டுப் போட்டாள். கட்டுப் போட்டு முடிந்த பிறகும் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலைக்குள் வீடுகளில் இருந்த பழையது எல்லாம் தீர்ந்துவிட்டது. மறுநாள் விடியலில் ஆண்கள் படகுகளைத் தள்ளினார்கள். பயம் போனதால் தள்ளவில்லை. அவர்கள் பல் தந்தியடிக்கும் சத்தம் கரையில் நின்ற பெண்களுக்குக் கேட்டது. பானையில் ஒன்றும் இல்லாததால் தள்ளினார்கள்.

எஞ்சின்களின் சத்தம் கடலுக்குள் போய்த் தேய்ந்ததும், பிரகாசி பாலை அடுப்பில் வைத்தாள். பலகையில் தாளை விரித்தாள். கட்டுப் போட்ட விரலில் பேனா நிற்கவில்லை. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் சொருகிப் பார்த்தாள், வலி தோள்வரைக்கும் போயிற்று.

"இன்னைக்காவது விடேன்" என்றான் செல்வின்.

அவள் பதில் சொல்வதற்குள் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கீழே இறங்கும் சத்தம் அல்ல, ஏறி வரும் சத்தம். மெல்ல, ஒவ்வொரு படியாக, நின்று நின்று ஏறி வந்தது. இருவரும் கதவைப் பார்த்தார்கள். செல்வின் மூலையிலிருந்த விளக்குமாறை எடுத்துக்கொண்டான். கதவை மூக்கால் தள்ளிக்கொண்டு அது உள்ளே வந்து, சமையலறை நிலைப்படியில் நின்று, வாயைத் திறந்து மூடியது.

பிரகாசியின் காயத்தில் ரத்தம் துடிப்பது கட்டுக்கு வெளியே தெரிந்தது. தட்டில் அவளுக்கென்று செல்வின் வைத்திருந்த இடியாப்பம் இருந்தது. அதில் ஒன்றை எடுத்து, காயம்படாத இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒட்டி, கையைத் தட்டையாக்கி நீட்டினாள். கை தன்னால் பின்வாங்கியது. மறுபடி நீட்டினாள்.

அது நெருங்கி வந்தது. மூச்சு உள்ளங்கையில் சூடாகப் பட்டது. பிறகு பற்கள் பட்டன, சின்னச் சின்னதாக, கூராக, தோலை உரசி, அழுத்தாமல், உரசி. அவள் கண்ணை மூடவில்லை, கையை இழுக்கவில்லை. அது தின்று முடித்து, உள்ளங்கையை ஒருமுறை நக்கிவிட்டு, பலகையின் அருகில் படுத்துக்கொண்டது.

"வெளக்குமாத்தக் கீழ போடுங்க" என்றாள்.

"கை நடுங்குதே உனக்கு."

"நடுங்கட்டும்."

அவள் பேனாவைப் பிள்ளைகள் பிடிப்பது போல முழுக் கையாலும் பிடித்துக்கொண்டு, மையில் தொட்டு, அன்றைய பிராணிக்கு முதலில் வாயை வரைந்தாள்.